அண்ணி, அந்த சர்டிபிகேட்டை வாங்கிடலாம்

அன்புள்ள அண்ணிக்கு,

போன்ல உங்க சின்னவனுக்கு கற்றல் குறைபாடு சர்டிபிகேட் வாங்குற பேச்சை எடுத்தாலே "அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு கட் பண்ணிடுறீங்க, வாட்ஸ்அப்ல நீளமா அனுப்பினா படிக்காமலே கும்பிடுற எமோஜி வருது, அதான் நாலு பேர் பாக்குற எடத்துல எழுதுறேன். யார் பேரும் போடல, பயப்படாதீங்க. பெரம்பூர்ல தெருவுக்கு ஒரு வீட்லயாவது இதே கதை ஓடிட்டுதான் இருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை சின்னவனோட டைரியப் பாத்தேன். சிவப்பு மையில "கேர்லெஸ்", "கேர்லெஸ்"னு பக்கத்துக்குப் பக்கம். அன்னிக்கு மதியம்தான் அவன் எங்கிட்ட சந்திரயான்-3 கதைய சொன்னான், 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் எறங்குனது, லேண்டர் பேரு விக்ரம், ரோவர் பேரு பிரக்யான், அந்த தென் துருவம் பக்கம் எதுக்குப் போனாங்கன்னு வரைக்கும் கைய ஆட்டி ஆட்டி. சரிடா இதையே எழுதிக் காட்டுன்னேன். அரை மணி நேரம், மூணு வரி. "நிலவு" நிவலு ஆயிருந்துச்சு, "கொடி" கெடி ஆயிருந்துச்சு. எழுதி முடிக்கும்போது அவன் உள்ளங்கை ஈரமா இருந்துச்சு அண்ணி, அதுதான் எனக்கு மனசுலயே நிக்குது.

அந்த "கெடி"ய கொஞ்சம் பாருங்க. "கெ"ன்னு சொல்லும்போது வாயில மொதல்ல வர்றது க் சத்தம், பின்னாடிதான் எ. ஆனா எழுதும்போது கொம்பை முன்னாடி போட்டுட்டுதான் க எழுதுறோம். "கொ"ன்னா இன்னும் மோசம், முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். நமக்கு இது பழகிப்போச்சு, யோசிக்கவே மாட்டோம். அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புதுசா மாடி ஏறுற மாதிரி. இது சோம்பேறித்தனமும் இல்ல, மூளை கம்மியும் இல்ல. டிஸ்லெக்சியான்னு பேரு, கற்றல் குறைபாட்டுல ஒரு வகை. மாத்திரை கெடையாது, வயசானா தானா போயிடவும் போயிடாது, ஆனா சரியான முறையில சொல்லிக்குடுத்தா படிக்க வரும். மணல்ல விரலால எழுதிக்கிட்டே சத்தத்தையும் வாய் விட்டு சொல்ல வைப்பாங்க. நம்ம ஊர்ல அரிசியில அ எழுத வெச்ச மாதிரிதான், நாமதான் ஒரு நாளோட நிறுத்திட்டோம்.

நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. "சர்டிபிகேட் வாங்கினா முத்திரை குத்திடுவாங்க, சொந்தக்காரங்க வாயில விழணுமா"ன்னு. முத்திரை ஏற்கெனவே குத்தியாச்சு அண்ணி. கிளாஸ்ல அவனை மக்குன்னுதான் கூப்பிடுறாங்க, அவனே சொன்னான், சிரிச்சுக்கிட்டே.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம அண்ணனுக்கும் இதேதான் இருந்திருக்கணும்னு நான் நெனைக்கிறேன். அண்ணன் பத்தாவது படிக்கும்போது நான் எட்டாவது. ராத்திரி அதோட சயின்ஸ் புக்க நான் சத்தமா படிப்பேன், அது மோட்டுவளையப் பாத்துக்கிட்டு படுத்திருக்கும், ஒரு தடவை கேட்டா போதும், மறுநாள் எனக்கே திருப்பி பாடம் நடத்தும். பரீட்சைல ரெண்டு தடவை ஃபெயிலு. ஸ்கூல்ல அடி, வீட்ல அப்பா அடி. இன்னிக்கு புதுப்பேட்டைல எந்த வண்டிக்கு எந்த பேரிங் சேரும்னு கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுக்குது, பில் எழுத மட்டும் ஒரு பையன் சம்பளத்துக்கு. பேங்க் ஃபார்ம் வந்தா எனக்குதான் போன். "கண்ணாடி மறந்துட்டேன்"னு சொல்லும், நீங்களும் நம்பிட்டு இருக்கீங்க.

எனக்கு வயிறு எரியுறது என்னன்னா, மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991லயே இதே ஊர்ல ஆரம்பிச்சாச்சு. நமக்கு சொல்ல ஒரு ஆள் இல்ல. சட்டமும் அப்ப கைகுடுக்கல, 1995 சட்டத்துல 7 வகை ஊனம்தான் கணக்கு, இது அதுல கெடையாது. 2016ல வந்த சட்டத்துலதான் 21 வகையாக்கி கற்றல் குறைபாட்டையும் சேத்தாங்க. இந்த மாதிரி பிள்ளைங்களை சீக்கிரமே கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக்குடுக்கணும்னு அதுல ஸ்கூலுக்கே பொறுப்பு போட்டிருக்கு. அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 2009லயே சொல்லுது. அதனால நாம போய் கெஞ்ச வேண்டியதில்ல, கேக்கலாம்.

அவன் கிளாஸ்ல வீல்சேர்ல வர்ற பொண்ணுக்காக அந்த கிளாஸையே கீழ் மாடிக்கு மாத்தினாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. ரொம்ப நல்ல விஷயம். அவளுக்கு என்ன வேணும்னு பாத்தாலே தெரியும். இவனுக்கு என்ன வேணும்னு பாத்தா தெரியாது, யாராவது எழுதிக் குடுத்தாதான் தெரியும். அந்தப் பேப்பருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

ஏன் இப்பவேன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, அதான் இவ்வளவு நாளு மூடி இருந்துச்சு, ஒன்பதாவதுல ஒரேயடியா வெளிய வரும். பசங்க பேக்க போட்டுட்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போறதும் அப்பதான். சர்டிபிகேட் இருந்தா பத்தாவது பப்ளிக்ல இவனுக்கு 1 மணி நேரம் கூடுதலா கெடைக்கும், இவன் சொல்லச் சொல்ல எழுத ஆள் கெடைக்கும், ஒரு மொழிப் பாடத்துல இருந்து விலக்கு கேக்கலாம், ஆனா இதெல்லாம் ஹெச்.எம். மூலமா தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே போகணும். பரீட்சைக்கு மொத வாரம் ஓடினா ஒண்ணும் நடக்காது.

மொதல்ல கண்ணு, காது டெஸ்ட் பண்ணிடலாம், அங்க கோளாறு இல்லன்னு தெரியணும்ல. அப்புறம் சைக்காலஜிஸ்ட் ஐ.க்யூ. பாப்பாங்க, நிம்ஹான்ஸ் டெஸ்ட்டுன்னு ஒண்ணு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில உருவாக்குனது, அதுல படிக்க எழுத கணக்கு போட வெச்சுப் பாப்பாங்க. அதுக்கப்புறம் அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டருங்க குழு. 8 வயசுக்கு மேலதான் இந்த சர்டிபிகேட் குடுப்பாங்க, 14லயும் 18லயும் மறுபடி பாப்பாங்க. இவனுக்கு இப்ப 13, அடுத்த வருஷமும் ஒரு தடவை அலையணும், அதையும் நானே பாத்துக்குறேன்.

அதுவரைக்கும் மிஸ்கிட்ட மூணே மூணு விஷயம் பேசலாம். திடீர்னு எழுப்பி எல்லார் முன்னாடியும் படிக்க சொல்லாதீங்க, போர்டுல இருக்கறத காப்பி பண்ண முடியலன்னா பக்கத்துப் பையன் நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக்க விடுங்க, கேள்விய ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. அந்த மிஸ் கெட்டவங்க இல்ல அண்ணி, அம்பது பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இருக்காங்க, யாரும் அவங்களுக்கும் சொல்லிக் குடுக்கல. அந்த ரெண்டாவது ட்யூஷன மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க, சும்மா அதே பத்திய பத்து தடவை எழுத வெச்சு காசு வாங்குறான்.

அண்ணன்கிட்ட நேத்தே பேசிட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "கூட்டிட்டுப் போ, கடைய நான் சாத்திட்டு வரேன்"னுச்சு.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன். காலைல 8 மணிக்கு பெரம்பூர் பஸ் ஸ்டாண்டுல 29சி நிக்கிற எடத்துல இருக்கேன். ஆதார், போட்டோ நாலு, ரெண்டாவது படிச்சதுல இருந்து அவனோட பழைய நோட்டு எது கெடைச்சாலும் எடுத்துட்டு வாங்க, அந்த டைரியும். பழைய பேப்பர்காரருக்கு எதையும் போட்டுடாதீங்க.

உங்க நாத்தனார்