பேரன் குல்லாவுக்கு இரண்டு நூல்கண்டு

திருபுவனம்,
மார்கழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா கதிர் விட்டாச்சு. அப்பா விடியற்காலையிலேயே மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறார். நம்ம ஊர்ப் பனிக்கே இந்தக் கூத்து என்றால், அங்கே பேரன் காது என்ன பாடுபடுமோ. நீயே குல்லா பின்ன உட்கார்ந்தாயே, அதுவரைக்கும் சந்தோஷம்.

போனில் சொன்னால் பாதிதான் உன் மண்டையில் ஏறும். அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஒரே சுற்றில் இரண்டு நூலையும் மாற்றி மாற்றிப் பின்னியிருக்கிறாய். அது வேறு வகை வேலை. நான் சொல்வது ஸ்லிப் ஸ்டிச், அதில் ஒரு சுற்றுக்கு ஒரு நூல்தான். மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில், ஊசியில் ஏற்கெனவே இருக்கும் அந்த நிறக் கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றிவிடு, அவ்வளவுதான். பர்ல், அதாவது நூலை முன்னால் வைத்துப் போடும் எதிர்ப் பின்னல், போடுகிற மாதிரி ஊசியை நுழைத்து மாற்று, இல்லாவிட்டால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். மொசைக் என்று இதற்குப் பெயர் வைத்துப் பரப்பியவர் பார்பரா வாக்கர் என்கிற அமெரிக்க அம்மா. 1976இல் இதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். நூல் கடையில் மொசைக் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படத்தில் ஒரு வரி என்றால் உனக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் எதைப் பின்னினாயோ, எதை மாற்றினாயோ, அடுத்த சுற்றிலும் அப்படியே செய். படத்தைப் பார்க்கவே வேண்டாம், ஊசியைப் பார்த்தால் போதும். வட்டமாக இல்லாமல் துணியைத் திருப்பித் திருப்பித் தட்டையாகப் பின்னுகிறவர்கள் திரும்பி வரும்போது நூலை முன்பக்கம் வைத்து மாற்ற வேண்டும், படத்தையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வட்ட ஊசியில் அந்தத் தொல்லையே கிடையாது. எப்போதும் நல்ல பக்கம்தான் உன்னைப் பார்த்திருக்கும். எப்போதும் வலமிருந்து இடம். கண்ணியை மாற்றும்போது நூல் எப்போதும் பின்னால்.

முதலில் இதைப் பின்னிப் பார். 96 கண்ணி ஏற்றி, விளிம்பை அடர் நிறத்தில் முடித்துக்கொள். வெளிர் நூலில் இரண்டு சுற்று: 3 பின்னு, 1 மாற்று. அப்புறம் அடர் நூலில் இரண்டு சுற்று: 1 பின்னு, 1 மாற்று, 2 பின்னு. இந்த நான்கு சுற்றுதான் திரும்பத் திரும்ப. கண்ணிகள் 4ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். தட்டைப் பின்னலுக்கு எழுதிய குறிப்பில் 4இன் மடங்கோடு மேற்கொண்டு 3 கண்ணி என்றிருக்கும். அந்த 3 ஓரத்துக்காக. வட்டத்தில் ஓரம் ஏது? விட்டுவிடு.

வரி வரியாக மேடு எழும்பும் வகை வேண்டுமானால் ஒவ்வொரு நிறத்தின் இரண்டாவது சுற்றையும் பர்லாகப் போடு. இங்கேதான் கை தடுமாறும். பர்ல் போட்டதும் நூல் முன்னால் நிற்கும். அதை ஊசிகளுக்கு நடுவே பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணியை மாற்று, அடுத்த பர்லுக்கு மறுபடி முன்னால் கொண்டுவா. மறந்தால் கண்ணியின் குறுக்கே ஒரு கோடு விழும். நான் என்றால் குழந்தைக் குல்லாவுக்கு இந்த வகை வேண்டாம் என்பேன், வேலை இழுத்துக்கொண்டே போகும்.

கண்ணியை மாற்றிய இடத்தைத் தாண்டி அடுத்ததைப் பின்னும் முன், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளைக் கொஞ்சம் பரப்பிவிடு. நூலை இழுத்துப் பிடித்தால் குல்லா சுருங்கிப் பேரன் தலையில் ஏறாது. இந்தப் பின்னல் உயரத்திலும் குறையும். ஒரு கண்ணி மூன்று சுற்று உயரத்துக்கு நீள்கிறதே! சாதாரணக் குல்லாவை விடச் சுற்று கூடுதலாக வேண்டும், நூலும் கூடுதலாக வாங்கு.

நிறம் மாற்றும்போது நூலை வெட்டாதே, உள்பக்கமாகவே மேலே ஏறி வரட்டும். புது நூலை ஒவ்வொரு தடவையும் பழையதற்குக் கீழிருந்து எடு. சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி தெரியத்தான் செய்யும். அதை மறைக்க ஏதேதோ வித்தை சொல்வார்கள், அந்த இடத்தில் டிசைன்தான் கெடும். படியைப் பிடரிப் பக்கம் வைத்துக்கொள், போதும்.

அப்புறம், அந்தச் சாம்பலும் வெளிர் நீலமும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து டிசைனே காணோம். இங்கே தறியில் அரக்குக்கு மாம்பழ மஞ்சள் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி எடு. சந்தேகமாக இருந்தால் இரண்டு கண்டையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார். ஒரே மாதிரி தெரிந்தால் வேண்டாம்.

உச்சியில் கண்ணி குறைக்கிற பகுதியை அடர் நிறத்திலேயே முடித்துவிடு. நாலு விரற்கடை பின்னியதும் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வெளிப்பக்கம் எனக்கு வேண்டாம், நூல் எங்கே இறுகியிருக்கிறது என்று உள்பக்கம் பார்த்தால்தான் தெரியும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அம்மா