ஆர்ச்சரில் ஏறும் முன்

அன்பு மகள் யாழினிக்கு,

அடுத்த வாரம் செஸ்னா 172 விமானத்திலிருந்து பைப்பர் ஆர்ச்சர் விமானத்துக்கு மாறப்போகிறாய் என்று சொன்னாய். சந்தோஷம். ஆனால் அதே போனில் நீ சொன்ன இன்னொன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிளையிங் ஸ்கூலில் படிக்கக் கொடுத்த விபத்து அறிக்கையைப் பற்றி, "பெட்ரோல் பார்க்காம ஏறியிருக்கான்ப்பா, என்ன ஆளு!" என்று சிரித்தாய். விமானப்படையில் இருந்த காலமெல்லாம் எஞ்சினோடு கிடந்தவன் நான். அந்தச் சிரிப்பை அங்கேயும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதுதான் நீங்கள் என்டிஎஸ்பி என்கிறீர்களே, அவர்களுடைய அறிக்கையில் உத்தேசக் காரணம் என்று ஒரு பகுதி வரும். சில வரிகள்தான். எல்லோரும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டால் அதற்கு முன்னால் நடந்தது எல்லாமே முட்டாள்தனமாகத்தான் தெரியும். நீ அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். அந்த விமானி ஹாங்கருக்கு வந்ததிலிருந்து அவரோடு கூடவே போ.

உதாரணத்துக்குப் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், கற்றுக்குட்டி இல்லை. லாங் ஈஸி என்ற சின்ன விமானத்தை அப்போதுதான் வாங்கியிருந்தார். யாரோ ஒருவர் தன் கையால் கட்டிய விமானம். எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று திருப்பும் செலக்டர் கைப்பிடி, மூல வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் அதில் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் மானிகளும் பின்னால்தான், அதிலும் அளவுக்கோடு கிடையாது.

கிளம்புவதற்கு முன் டென்வருக்கு அந்தக் கைப்பிடி எட்டவில்லை. கைப்பிடியை நீளமாக்க அங்கிருந்த மெக்கானிக் ஒரு வைஸ் கிரிப் பிளையரை (இறுகக் கவ்விக்கொள்ளும் குறடு) அதில் மாட்டிப் பார்த்தார். அப்படியும் சரிவரவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி சின்னதாக ஒன்று கொடுத்தார். எரிபொருள் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றுவிட்டார். சில முறை இறங்கி ஏறிப் பழகிவிட்டுக் கடலோரமாகப் போனார். சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கீழே இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். விமானம் கடலில் விழுந்தது, டென்வர் இறந்துபோனார்.

டேங்க் மாற்ற அந்தக் கைப்பிடியைத் திருப்பப் போனபோதுதான் கட்டுப்பாடு போனது என்பதோடு விசாரித்தவர்கள் நிற்கவில்லை, இன்னும் ஒரு படி போனார்கள். அதே மாதிரி இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியை எட்டிப் பார்த்தார்கள். வலது கையை ஸ்டிக்கிலிருந்து, அதாவது விமானத்தைச் செலுத்தும் கட்டையிலிருந்து எடுத்து, உடம்பை இடது பக்கம் முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது உடம்பைத் தாங்க வலது கால் தானாக ரடர் பெடலை, அதாவது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதியை மிதிக்கிறது. அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கவனம் சிதறி வலது ரடரை மிதித்ததோடு, எரிபொருள் போடாதது, கைப்பிடி வைத்த இடம், குறிகள் இல்லாதது, அந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது எல்லாவற்றையும் காரணங்களாகச் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது சொல், இதில் எந்த இடத்தில் நீ போதும் என்று நிறுத்தியிருப்பாய்? எரிபொருள் விஷயத்திலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளையர் கைக்கு வந்ததுமே அன்றைய பறத்தலை விட்டிருக்க வேண்டும். தரையில் நிற்கும்போதே எட்டாத கைப்பிடி மேலே போனால் எட்டிவிடுமா? ஆனால் புது விமானம், நல்ல வானிலை, பக்கத்தில் உதவும் மெக்கானிக். அந்த நேரத்தில் 'சரி, சமாளிக்கலாம்' என்று நீயும் சொல்லக்கூடியவள்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜான் எஃப். கென்னடியின் மகன் 1999-இல் இரவில் கடலில் விழுந்த அறிக்கையையும் படி. அன்று விதிப்படி அவர் பறக்கத் தடையில்லை. புகைமூட்டம், கீழே இருட்டுக் கடல், எது மேல் எது கீழ் என்று புரியாமல் போய்விட்டது. விதி அனுமதிக்கிறது என்பதை வைத்து மட்டும் இரவில் கிளம்பாதே. ஊர் விளக்குகளைத் தாண்டிவிட்டால் உங்கள் அரிசோனா பாலைவனமும் அந்தக் கடல் மாதிரிதான்.

இறந்தவர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். 1976 முதல் நாசா நடத்தும் திட்டத்தில், தப்பித்தவர்கள் பெயர் வெளிவராமல் தாங்களே எழுதுகிறார்கள். நேற்றுப் பயந்ததை இன்று எழுதியவர்கள் என்பதால் விவரம் நன்றாக வரும்.

சரி, உன் விஷயம். 172-இல் செலக்டர் தரையில் இருக்கிறது, இரண்டு டேங்கிலிருந்தும் சேர்த்து எடுக்கும் நிலையும் உண்டு. அதிலேயே விட்டுப் பழகியிருப்பாய். ஆர்ச்சரில் அது கிடையாது. இடது அல்லது வலது, நீதான் மாற்ற வேண்டும். கைப்பிடி இடது பக்கச் சுவரில், முழங்கால் அருகே. முதல் நாள் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பெல்ட் போட்டு உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே எட்டிப் பார். கால் பெடலில் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரைக் கவனிக்கச் சொல். டேங்க் மூடியை நீயே திறந்து பார். மீட்டரை நம்பாதே.

கையேட்டில் எரிபொருள் அமைப்பின் படம் இருக்கும், அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு அனுப்பிவிடாதே. நீ தனியாகப் பறப்பதே அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

அன்புடன்,
அப்பா