சுகாதாரச் சான்றிதழ்: பணம் கட்டுமுன் அறிவிக்கையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், திருப்பாதிரிப்புலியூரில் தொடங்கி பாகூர் வரை 'ஆறே மாதத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர்' என்ற பாணியில் சுவரொட்டிகள் முளைத்துவிடும். பொது சுகாதாரச் சான்றிதழ் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று பார்க்காமல் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் கவலை.

தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளர் நிலை 2 பணிக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதன் அறிவிக்கைப்படி, பிளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இதற்கு மேல் இரண்டு ஆண்டு ஆண் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் அல்லது சுகாதார ஆய்வாளர் பயிற்சி முடித்து, பொது சுகாதாரத் துறை இயக்குநர் வழங்கும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதப் படிப்பு இந்த வாசலுக்கே வராது.

இரண்டு ஆண்டுப் படிப்பில் சேர்பவர்களும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. வணிகவியல், கணினி அறிவியல் பிரிவு மாணவர்களைச் சில நிலையங்கள் தயங்காமல் சேர்த்துக்கொள்கின்றன. தனக்குத் தகுதி இல்லை என்று அந்தப் பையனுக்குத் தெரியவருவது விண்ணப்பம் போடும்போதுதான். இன்னொன்று, 'அரசு பதிவு பெற்றது' என்ற வாசகம். அறக்கட்டளையையோ சங்கத்தையோ பதிவு செய்வதும், சிறு தொழிலாகப் பதிவு செய்வதும், ஐ.எஸ்.ஓ. முத்திரை வாங்குவதும் யாருக்கும் முடியும். அவற்றில் ஒன்றுகூட படிப்புக்கான அனுமதி ஆகாது. இயக்குநரகத்தின் அனுமதி ஆணை எண்ணையும், அது எந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை இடத்துக்கு என்பதையும் கேளுங்கள். 'வந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிருமாம்பாக்கம், பாகூர் பிள்ளைகள் கடலூருக்கு வந்து படிப்பது சுலபம். ஆனால் புதுச்சேரியில் வாங்கிய சாதிச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணியில் இடஒதுக்கீடு கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் போட்டி. புதுச்சேரி அரசு வேலையே குறி என்றால், அங்கத்திய பணி நியமன விதியைப் படித்துவிட்டுத்தான் நிலையத்தைத் தேட வேண்டும்.

செலவுக்கு வருவோம். கட்டணத்தை மட்டும் கணக்கிடுவது அரைக் கணக்கு. தேர்வுக் கட்டணம், சீருடை, ரெக்கார்டு நோட்டு, களப்பயிற்சிக்குப் போகவர பஸ் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஆண்டில் ஒரு கடையில் மாதம் 10,000 சம்பாதித்திருக்கக் கூடியவர் விட்டுக்கொடுப்பது 2,40,000. ஆக முதலீடு 3,40,000 ரூபாய். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்தத்தில் எடுக்கும் ஆண் பல்நோக்குப் பணியாளருக்கு அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மாதம் 14,000 ரூபாய்தான். கடைச் சம்பளத்தைவிட 4,000 கூடுதல். போட்ட பணம் திரும்ப 85 மாதம், அதாவது ஏழு ஆண்டு ஆகும். நிரந்தரப் பணி என்றால் அடிப்படை ஊதியமே 19,500. அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே மூன்று ஆண்டில் மீண்டுவிடும். நிரந்தர இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதை அவரவர்தான் எடைபோட வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் செவிலியர், லேப் டெக்னீஷியன், தொண்டு நிறுவனக் களப்பணியாளர் ஆகியோருக்குக் குறுகிய சான்றிதழ் பயன்படும், அதுவும் விலை குறைவாக இருந்தால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்.பி.டெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்தும் படிப்பில் சேர்வது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். அப்படியிருக்க, அதே பாடத்துக்குத் தனியாரிடம் முப்பதாயிரம் எதற்கு? பட்டதாரிகளுக்குப் புதுச்சேரியிலேயே நல்ல வழி இருக்கிறது. ஜிப்மரில் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு உண்டு. கொசுவையும் யானைக்கால் நோயையும் ஆராயும் ஐ.சி.எம்.ஆர். மையமான வி.சி.ஆர்.சி.யில் பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. உண்டு, விலங்கியல் படித்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம் என்று ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அதற்கு உணவுத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் போன்ற பட்டம் தேவை. சுகாதாரச் சான்றிதழ் அங்கே எடுபடாது.

பாடத்தின் தரத்தை அறிய ஒரு சோதனை போதும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர் என்று பழைய மாணவரைக் கேளுங்கள். 'நாலு கிராம்' என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஈரம் பட்டுப் பழசான பவுடரில் குளோரின் போயிருக்கும், அரை மணி கழித்து, தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்காமல் குடிக்கவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னால், அங்கே கையால் செய்ய வைத்திருக்கிறார்கள்.

சேர்வதாக முடிவு செய்தாலும் அசல் மதிப்பெண் பட்டியலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். ரசீதில் படிப்பின் பெயரும் கால அளவும் இருக்கட்டும்.

தங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி ஆணை எண் இல்லாத சுகாதார ஆய்வாளர் பயிற்சி விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
கடலூர் புதுநகர்