பேன் இருக்கும் பிள்ளையைத் தனியே நிறுத்தாதீர்கள்

தமிழ்நாட்டின் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், மாணவியர் விடுதிக் காப்பாளர்களுக்கும்

வணக்கம்.

வகுப்பில் ஒரு பெண் குழந்தை தலையைச் சொறிகிறாள். டீச்சர் கூப்பிட்டுப் பார்க்கிறார், காதுக்குப் பின்னால் ஈர் தெரிகிறது. அன்று முதல் அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். 'சுத்தம் பண்ணிட்டு அனுப்புங்க' என்று டைரியில் எழுதி வருகிறது. சில இடங்களில் மதியத்துக்குள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளை எங்கள் தெருவில் இருக்கிறாள். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுததைத் தெருவே பார்த்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேன் அழுக்கினால் வருவதில்லை. தினம் தலைக்குக் குளிக்கும் பிள்ளைக்கும் வரும், வாரம் ஒருமுறை குளிக்கும் பிள்ளைக்கும் வரும். அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான். குனிந்து ஒரே புத்தகத்தைப் பார்க்கும் தோழிகள், ஒரே பாயில் படுக்கும் அக்கா தங்கைகள், பாட்டி மடியில் தூங்கும் பேத்தி, இவர்களிடையே அது பரவுகிறது. சீப்பு, ரிப்பன், தலையணை வழியாகப் பரவுவது குறைவு. தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். உடம்புப் பேன் காய்ச்சலைப் பரப்பும், தலைப்பேன் அப்படிப் பரப்புவதில்லை. அதனால் வரும் தொல்லை அரிப்பும், தூக்கம் கெடுவதும்தான். சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் கழுத்தில் நெறி கட்டும். அந்த நிலைக்கு வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. முதல் முறையாகப் பேன் ஏறிய தலையில் அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அப்படியானால் இன்று உங்கள் கண்ணில் படும் பிள்ளை ஒரு மாதமாகவே எல்லோரோடும் தலை ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தவளாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் தலையிலும் ஏற்கெனவே இருக்கலாம், அவர்கள் இன்னும் சொறியத் தொடங்கவில்லை. இவளை மட்டும் வெளியே அனுப்பி என்ன பயன்? அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வாரி எடுப்பார். புதன்கிழமைக்குள் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து மறுபடி ஏறிவிடும். அப்புறம் பழி மட்டும் அந்த வீட்டின்மேல்: 'அம்மா கவனிக்கறதே இல்ல.'

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும், பேனுக்காகவோ ஈருக்காகவோ பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வைக்கத் தேவையில்லை என்றே சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையும் அதையே சொல்கிறது. நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் கொடுக்கக் கூடாது என்கிறது. தலையில் பேன் இருக்கிறது என்று நாற்பது பேர் முன்னால் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்துவது மன உளைச்சல் இல்லையென்றால் வேறு எது?

சரி, என்ன செய்யலாம்? வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. குடற்புழு நீக்க நாளை நீங்களே நடத்துகிறீர்கள். யாருக்குப் புழு இருக்கிறது என்று தேடிப் பிடிக்காமல் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுக்கிறீர்கள், விடுபட்டவர்களுக்கு அடுத்த வாரம் கொடுக்கிறீர்கள். யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. பேனுக்கும் அதேபோல ஒரு தேதி வையுங்கள். ஆனால் எல்லாருக்கும் மருந்து வேண்டாம். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தலை பார்க்கச் சொல்லுங்கள், போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வர வேண்டாம். ஆண் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் தலையிலும் இருக்கும், முடி குட்டையாக இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

வீட்டில் எப்படிப் பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். தலைக்குக் குளித்து முடி ஈரமாக இருக்கும்போது கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். எண்ணெய் பேனைக் கொல்லும் என்று நம்ப முடியாது, ஆனால் அது ஓடாமல் மந்தமாகும், சீப்பும் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். பிறகு பல் நெருக்கமான பேன் சீப்பை மண்டையில் படும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள் அளவில், சாம்பலோ பழுப்போ நிறத்தில், காலோடு நகர்ந்தால் அது பேன். பிடரியையும் காதுகளுக்குப் பின்னாலும் இரண்டு மூன்று முறை வாருங்கள், அதிகம் இருப்பது அங்கேதான். அடர்த்தியான நீள முடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். பாட்டி வீட்டில் மரத்தாலான ஈர்கொல்லி இருந்தால் அதையும் எடுங்கள்.

ஈரும் பொடுகும் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். பொடுகு ஊதினால் பறக்கும். ஈர் முடியில் பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். மண்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப் போன வெறும் கூடு. அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் பேன் போகல' என்று பிள்ளையை மறுபடி திருப்பி அனுப்பும் பள்ளிகளும் இருக்கின்றன. உயிரோடு பேன் நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு நாள் வாரினால் தீராது. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து அதுவும் ஈர் வைக்க மேலும் ஒன்பது பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஞாயிறு தொடங்கினால் அடுத்து வியாழன், திங்கள், வெள்ளி, ஆக முதல், ஐந்தாம், ஒன்பதாம், பதிமூன்றாம் நாள்களில் வாருங்கள். பதினேழாம் நாள் செவ்வாயன்று ஒருமுறை சரிபாருங்கள். இந்த ஐந்து தேதிகளையும் உங்கள் செய்தியிலேயே போட்டுவிடுங்கள்.

மருந்து வேண்டுமென்றால், உயிருள்ள பேன் இருப்பவர்களுக்கு மட்டும். ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷனைக் கழுவித் துவட்டிய முடியில் தடவி, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். ஒன்பதாம் நாள் திரும்பவும் போட வேண்டும். அதற்கு முன் கண்டிஷனர் போடக் கூடாது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தடவ வேண்டாம். சில இடங்களில் இந்த மருந்துக்குப் பேன் சாவதில்லை. அதற்காக அளவைக் கூட்டி இரவு முழுக்க ஊற வைக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வேறு மருந்து வாங்குங்கள். தலையணை உறை, போர்வை, துண்டு ஆகியவற்றைக் கொதிக்கும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும். வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையே இல்லை.

திட்டு வாங்கிய வீடுகளில் நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்குள் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற பயத்தில் மண்ணெண்ணெயை ஊற்றுகிறார்கள். அந்தத் தலையோடு பிள்ளை அடுப்பருகே போனால் என்ன ஆகும்? மூட்டைப்பூச்சிக்கும் பயிருக்கும் அடிக்கும் மருந்தைத் தேய்க்கிறார்கள். அது மண்டைத் தோல் வழியாக உடம்பில் ஏறி உயிரையே வாங்கும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம் ஊர்களில் வெகு சாதாரணம். அந்த விழுது ஒரு சொட்டு கண்ணில் இறங்கினால் கருவிழி புண்ணாகும், கண் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம். உங்கள் செய்தியில் இந்த நான்கும் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

விடுதிக் காப்பாளர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இருபது பிள்ளைகள் அடுத்தடுத்துப் படுக்கும் அறையில் பேன் வருவது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் பெற்றோரைக் கேட்காமல், பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் முடியை ஒட்ட வெட்டாதீர்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது மாதக்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாத அவமானம். ஆளுக்கொரு பேன் சீப்பு, ஒருவர் தலையை இன்னொருவர் பார்க்க ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், அதற்கு ஒரு வார்டன் அம்மாவின் மேற்பார்வை, இவை போதும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். வகுப்புக்குச் சில உலோகப் பேன் சீப்புகள் வாங்கி வைத்தால், வாங்க முடியாத வீடுகள் எடுத்துப் போய்க் கொதிநீரில் போட்டுக் கழுவித் திருப்பித் தரும். எப்படி வாருவது என்று அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் செய்துகாட்ட, எந்தச் சனிக்கிழமை கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருப்பூர் மாவட்டம்