செயலாளரின் ஆண்டறிக்கை: எந்த ஆடு வாங்குவது, கிடாய்க்கு எங்கே போவது

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதை வட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் ஒன்றுகூடல் வெள்ளவத்தையில் நடந்தது. விதையும் நாற்றும் பரிமாறினோம். கூட்டெருப் பயிற்சி மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. நிர்வாகசபைக் கூட்டங்களில் சில, ஆட்கள் போதாமல் கைவிடப்பட்டன.

சரி, பாலாடு விடயத்துக்கு வருகிறேன். எந்த இனம் வாங்கலாம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் பலர் கேட்டீர்கள், விசாரித்துச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்தேன். நம்மில் அநேகர் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிவீடுகளில் இருந்துகொண்டு ஹங்வெல்ல, பாதுக்க, அவிசாவளைப் பக்கம் சில பேர்ச் அளவில் சின்னக் காணி வைத்திருப்பவர்கள். பால் கறக்கும் ஆட்டுக்குக் காலையும் மாலையும் ஆள் வேண்டும். காணியில் யாராவது குடியிருக்காதவர்கள் இந்த ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுவதுதான் ஆட்டுக்கு நல்லது.

எல்லோரும் முதலில் கேட்பது சானன். சுவிட்சர்லாந்தின் சானன் பள்ளத்தாக்கு ஆடு, குளிர்நாட்டில் நல்ல பராமரிப்பில் நாளுக்கு மூன்று லீற்றருக்கு மேல் கறக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். ஆனால் வெள்ளைத் தோல், வெயில் பட்டால் மடியும் காதும் எரிந்து போகும். நம் புழுக்கத்தில் அது தீனியைக் குறைத்துவிடும், தீனி குறைந்தால் பால் எங்கிருந்து வரும்? குளிரான நுவரெலியாப் பக்கம் காணி இருந்தால் யோசிக்கலாம், அவிசாவளை மழைக்கும் வெக்கைக்கும் சுத்த சானன் வேண்டாம் என்பதே என் முடிவு. போயர் இறைச்சிக்கான ஆடு, பாலுக்கு என்று யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

ஜமுனாபாரி யமுனை ஆற்றுப் பக்கத்து இனம். வளைந்த மூக்கு, முகத்துக்குக் கீழே தொங்கும் நீண்ட காது, உயர்ந்த கால். வெக்கையைத் தாங்கும், நன்றாகத் தீனி போட்டால் ஒன்று, ஒன்றரை லீற்றர் எதிர்பார்க்கலாம். ஆனால் அது காய்ந்த நிலத்து ஆடு, ஈரத்தில் குளம்பு அழுகும், புழு தொல்லை வரும், கொட்டிலைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு அதுவும் நிலைக்காது. நம் ஊர் ஆடு எதையும் தாங்கும், பால்தான் குட்டிக்கே மட்டுமட்டு. இந்த இரண்டின் கலப்பைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். புத்தளம் மாவட்டத்துக் கொட்டுகச்சிய பண்ணையில் உருவான ஆடும் இதே வழியில் வந்ததுதான், கிடைத்தால் அதையும் பாருங்கள்.

இதைக் கண்ணால் காட்டத்தான் பாதுக்கவில் ஓர் உறுப்பினரின் கொட்டிலுக்குப் போக ஒழுங்கு செய்தேன். வருகிறோம் என்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை, ஒரு தகவலும் இல்லை, ஆனால் வாடகை வான் வண்டிக்குச் சங்கம் முழுக்காசும் கட்டியது. இது எனக்கு மிகுந்த வருத்தம். வந்தவர்கள் பார்த்தார்கள்: தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், இடைவெளியால் புழுக்கை கீழே விழுந்துவிடுகிறது, கிளிரிசிடியாவும் பலா இலையும் கட்டாகத் தொங்குகின்றன, நிலத்தில் விழுந்த குழையை ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. வீட்டுக்கார அம்மா கறந்து முடித்ததும் மடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கறந்த மடி சுருங்கித் தோலாகத் தொங்க வேண்டும். கறந்த பிறகும் பெரிதாகக் கட்டியாகவே இருந்தால் அது வெறும் சதை. "வாங்கப் போகும்போது கறந்து காட்டச் சொல்லுங்கோ தம்பி, காது நீளத்தைப் பார்த்துக் காசைக் குடுத்திடாதேங்கோ" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பயணம் தகும். முதல் ஈத்து மறியை (பெண் ஆட்டை) விட இரண்டாம் ஈத்து ஆட்டை வாங்குவதே நல்லது, மடி எப்படியென்று அதில் தெரிந்துவிடும். தனியாக ஒன்று வாங்காதீர்கள், துணையில்லாத ஆடு கத்திக்கொண்டே நிற்கும். ஒரு மறிக்கு நாளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் குழை வேண்டும், ஆகவே வேலியில் முதலில் கிளிரிசிடியா நடுங்கள், ஆட்டை அப்புறம் பார்ப்போம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், கையிருப்பு போன வருடத்தை விடச் சற்றுக் குறைவு. காரணம் சந்தா. கேட்டால் அடுத்த மாதம் என்கிறீர்கள். கறவை பற்றி இரவு பத்து மணிக்கும் எனக்குத் தொலைபேசி எடுப்பவர்களிலேயே சிலர் ஒரு ரூபாயும் கட்டவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், மடி வீக்கம் பற்றிப் பேசிய கால்நடை வைத்தியருக்கும், தேநீர் தந்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த வருடம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மறி எத்தனை நல்லதாக இருந்தாலும் ஈனாமல் பால் இல்லை. பருவத்துக்கு வந்து கிடாய்க்குக் கத்தும் ஆடு அந்த ஓரிரு நாளைத் தவறவிட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஊர் ஊராகக் கிடாய் தேடி முடியாது. வீட்டுக்கொரு கிடாய் வளர்ப்பது வீண், தீனியும் செலவு, கறவை ஆட்டுக்குப் பக்கத்தில் கட்டினால் பாலிலும் வாடை ஏறும். சங்கத்துக்குப் பொதுவாக நல்ல ஜமுனாபாரிக் கிடாய் ஒன்று வேண்டும். தன் மகள்களோடு சேராதபடி உரிய காலத்தில் அதை மாற்றவும் வேண்டும். கட்டி வளர்க்கப் பாதுக்க உறுப்பினர் சம்மதித்துவிட்டார். சினைக்காலம் ஐந்து மாதம், ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி போடும், கொழும்புப் பக்கம் மழை குறைந்த அந்த மாதங்களில் குட்டிகளுக்குச் சளி பிடிப்பதும் குறைவு. அப்படியென்றால் ஆடி முடிவதற்குள் கிடாய் வந்தாக வேண்டும். நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தாலே அதற்குப் போதும், தனியாக நன்கொடை கேட்க வேண்டியதில்லை. பொருளாளர் வாசல் பக்கத்து மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார்.

செயலாளர்