கோடை வடக்கே போகலாம், மண் போகாது

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் காட்டைத் திருத்தி வயலாக்க அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோடை நீள்கிறது, உறைபனி இல்லாத நாட்கள் கூடுகின்றன, அதனால் உழவை இன்னும் வடக்கே கொண்டுபோகலாம் என்கிறீர்கள். தொலைவிலிருந்து வரும் காய்கறியை நம்பி வாழ்பவர்கள் தாங்களே விளைவிக்க நினைப்பதில் தப்பே இல்லை. என் கவலை மண்ணைப் பற்றியது.

ஊசியிலைக் காட்டுக்குள் தோண்டினால் மேலே பாசியும் பாதி மட்கிய சருகும், பல இடங்களில் அதன் கீழே சாம்பல் நிற அடுக்கும் தெரியும். இந்த மண்ணுக்கு ரஷ்யர்கள் வைத்த பொட்சால் என்ற பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. அமிலம் மிகுந்த, சத்து கீழே கசிந்துபோன மண். மிச்சமுள்ள சத்தில் பெரும்பங்கு அந்த மேல் மெத்தையில்தான். புல்டோசர் மரங்களைத் தள்ளும்போது அதையும் வழித்துக்கொண்டு ஓரத்தில் குவித்துவிடுகிறது. அப்புறம் எதை உழுவது? நிலம் இறுகி உறைந்திருக்கும் குளிர்காலத்தில் மரத்தை, வேரைப் பிடுங்காமல், தரைமட்டத்தில் வெட்டி எடுத்தால் மேல்மண்ணில் பெரும்பகுதி தப்பும். வேலை கூடுதல்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பாசி மெத்தை ஒரு போர்வை. கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணை அதுதான் காக்கிறது. போர்வையை உருவினால் உள்ளே ஆப்பு ஆப்பாக இருக்கும் பனிக்கட்டி உருகும், நிலம் குழிகுழியாக அமிழும். அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரின் பக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்திய வயல்களுக்கு நேர்ந்தது இதுதான். சில பத்தாண்டுகளில் மேடும் பள்ளமுமாகி, டிராக்டர் ஓட்டவே திண்டாட்டமாயிற்று. கூடவே அங்கே புதைந்திருக்கும் கரிமமும் காற்றில் கலக்கும். உலகின் உறைமண் பகுதிகளில் இருக்கும் கரிமம், வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

1978இல் அதே அலாஸ்காவில் டெல்டா ஜங்ஷன் என்ற ஊரருகே பார்லி விளைவித்து ஏற்றுமதி செய்யப் பெரும்பரப்பில் காடு திருத்தினார்கள். தானியத்தைக் கப்பலேற்றும் வசதி கடைசிவரை இயங்கவே இல்லை. அந்தத் தோல்விக்கு மண்ணை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஆனால் மரத்தை முதலில் வெட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற அவசரம் எனக்கு அதில் தெரிகிறது.

ஆகவே, அனுமதிக்கு முன் துளையிட்டுப் பாருங்கள். அடியில் பனி மிகுந்திருந்தால் மறுத்துவிடுங்கள். பாதி மட்கிய செடிகொடி அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிச்சதுப்பிலிருந்து நீரை வடிக்க விடாதீர்கள். வயல்களுக்கு நடுவே காற்றைத் தடுக்கும் அளவுக்குக் காட்டுப் பட்டையை விட்டுவையுங்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகளிடம், வரைபடம் போடும் முன்பே கேளுங்கள். எந்த இடம் இளகும் என்று அவர்கள் நடந்து பார்த்தவர்கள்.

இப்படிக்கு,
மண்ணைப் பற்றிப் படித்துவரும் ஒருவன்