வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், நூலக வாரப் பேச்சுப்போட்டி, பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல நடந்தன.

இனி, இந்த ஆண்டு நாம் படித்த பாரசீக, அதாவது ஈரானிய, இலக்கிய வரிசை. "பழைய கவிஞர்கள் உமர் கய்யாம், ரூமி போதாதா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நம்மவர்கள் அறிந்த கய்யாம், 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தவர். ரூமியோ காலை வணக்கப் படங்களில் வருகிறவர். இந்த இருவரை வைத்து ஓர் ஈரானிய வீட்டுக்குள் நுழைய முடியாது. அதனால்தான் சிமின் தானெஷ்வரின் ‘சவுஷுன்’ (1969) நாவலில் தொடங்கினேன். இரண்டாம் உலகப்போர்க் கால ஷிராஸ், அந்நியப் படைகள், பஞ்சம். ஆளுநர் மகள் கல்யாணத்துக்கு ரொட்டிக்காரர்கள் சேர்ந்து, யாரும் கண்டிராத அளவில் ஒரு சங்கக் ரொட்டி (சூடான கூழாங்கற்கள்மேல் சுடுவது) சுட்டு வைக்கிறார்கள். கதாநாயகி ஜரியின் மரகதத் தோடு இரவலாகப் போகிறது, திரும்புவதில்லை. படைக்குத் தானியம் விற்க மறுக்கும் அவள் கணவன் யூசுஃப் கொல்லப்படுகிறான். ஈரானிய மன்னர்களின் கதை சொல்லும் ஷாநாமா காவியத்தில் குற்றமின்றி மாண்ட இளவரசன் சியாவுஷுக்காக மக்கள் எடுக்கும் ‘சவுஷுன்’ துக்கம் இந்தச் சாவோடு வந்து சேர்கிறது. ஃபிர்தவுசி 1010இல் முடித்த அந்தக் காவியம் இன்னும் அங்கே உயிரோடிருப்பது இதில்தான் எனக்கு விளங்கியது.

பெஜெஷ்க்சாத்தின் ‘மாமா நெப்போலியன்’ நாவல் கூட்டத்தில் நல்ல சிரிப்பு. மாமாவுக்கு எல்லாமே ஆங்கிலேயன் சதி. அக்கம்பக்கத்து இந்தியரும் ஒற்றர்தான். அடுத்து, எழுத்தாளர் ஹெதாயத் தம் ‘குருட்டு ஆந்தை’ நாவலைப் பம்பாயில் ஐம்பது பிரதி அளவில்தான் முதலில் வெளியிட்டார். அந்த நாவல் பற்றிய கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நாகரிகம் கருதி விடுகிறேன்.

சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. "ஈரான் புத்தகம் வாங்கியே காசைக் கரைத்துவிட்டார்" என்று டீக்கடையில் பேசுவதும் அவர்களில் சிலர்தான். வாங்கியவை பெரும்பாலும் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம்.

இடம் தந்த நூலகருக்கும் நாற்காலி தந்த அன்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஷாநாமா. ஏறக்குறைய 50,000 ஈரடிகள். பயப்பட வேண்டாம், வீரன் ருஸ்தம் தன் மகன் சொஹ்ராபைக் கொல்லும் பகுதி மட்டும் போதும். பழைய பாக்கி வந்தாலே பிரதிகள் வாங்கிவிடலாம். வேறு யாராவது செயலாளராக விரும்பினால் அலமாரிச் சாவியை இன்றே தரத் தயார். சரி, ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது.